தனிய திறந்தா ஓடுது, ரெண்டாவது ஆள் வந்தா இழுக்குது: பழைய பில்லிங் சொஃப்ட்வேருக்கு புது சேர்வர் வாங்கோணுமா?

கேள்வி: அண்ணா, புறக்கோட்டையில அப்பாட மொத்த வியாபாரத் துணிக்கடை. 2008இல ஒருத்தர் மைக்ரோசொஃப்ட் எக்சஸ் எண்ட டேட்டாபேஸ் சொஃப்ட்வேரில செய்து தந்த பில்லிங் சொஃப்ட்வேர்தான் இன்னும் ஓடுது, ஆறு கொம்பியூட்டர். காலமை நான் தனிய திறந்தா டக்கெண்டு வேலை செய்யுது. கேஷியர் திறந்தவுடன ரெண்டு பேருக்கும் இழுக்குது, ஒரு இன்வொய்ஸ் வர 40 செக்கன் போகுது. சேர்வர், நெட்வேர்க் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் எண்டு ஒரு ஆள் கோட்டேஷன் தந்திருக்கிறார், வெள்ளவத்தைக் கடையையும் இதோட இணைச்சுத் தாறாராம். குடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, குடுக்க வேண்டாம். அந்தக் கோட்டேஷனை இப்போதைக்கு லாச்சிக்குள்ள வையுங்கோ. நீங்க எழுதின ஒரு வரியிலயே விஷயம் கிடக்கு. தனிய திறந்தா ஓடுது, ரெண்டாவது ஆள் வந்தா ரெண்டு பேருக்கும் இழுக்குது. மெஷினுக்கு சக்தி காணாதெண்டா தனிய இருக்கேக்கையும் இழுத்திருக்கோணும்.

எக்சஸ், ஃபொக்ஸ்புரோ, கிளிப்பர் மாதிரி பழைய சாமான் எல்லாத்திலயும் நீங்க சேர்வர் எண்டு சொல்லுற மெஷின் ஒண்டும் யோசிக்கிறதில்ல. அது ஒரு அலுமாரி. உள்ளுக்க ஒரு டேட்டா ஃபைல் கிடக்கு, உங்கட எக்சஸ்ஸில அதுக்குப் பேர் எம்டிபி, அவ்வளவுதான். தேடுறது, கூட்டுறது, கழிக்கிறது எல்லாம் உங்கட மேசையில இருக்கிற கொம்பியூட்டர்தான் செய்யுது, அதுக்காக அந்த ஃபைலை நாலு நாலு கிலோபைட் துண்டா வயர் வழியா போய்ப் போய் எடுத்துக்கொண்டு வருது. குடோனில ஸ்டோர் கீப்பர் இல்ல, ஒவ்வொரு பீசுக்கும் பெடியன் கடையில இருந்து ஓடிப்போய் தானே பார்த்துட்டு வாறான், அப்பிடி நினைச்சுக்கொள்ளுங்கோ.

நீங்க தனிய இருக்கேக்க விண்டோஸ் ஒரு சலுகை தருது. வேற ஆள் இல்லத்தானே, இந்தப் பேரேட்டை உன்ர மேசையிலயே வச்சுப் பார் எண்டு விடுது. அதுக்குப் பேர் ஒப்லொக். கேஷியர் அதே ஃபைலைத் திறந்த நிமிஷம் அந்தச் சலுகை போயிடும், பேரேடு திரும்ப அலுமாரிக்குப் போயிடும், அதுக்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு பேரும் நடக்கோணும். இது பழுது இல்ல, ரெண்டு பேர் எழுதினா கணக்குப் பிழைக்கக்கூடாது எண்டு வேணுமெண்டே அப்பிடித்தான் செய்து வச்சிருக்கினம்.

இப்ப சின்னக் கணக்கு ஒண்டு. ஒரு இன்வொய்ஸ் திறக்க 10,000 தரம் போய்வருது எண்டு வையுங்கோ. வயரில ஒரு போய்வரவு 0.3 மில்லிசெக்கன் எண்டா மொத்தம் 3 செக்கன். வைஃபையில 4 மில்லிசெக்கன் எண்டா 40 செக்கன். வெள்ளவத்தையில இருந்து விபிஎன்னில (இன்டர்நெட்டுக்குள்ளால ரெண்டு கடையையும் இணைக்கிற பாதுகாப்பான தனி வழி) 20 மில்லிசெக்கன் எண்டா 200 செக்கன், மூண்டு நிமிஷத்துக்கும் மேல. இதில ஃபைபர் எவ்வளவு அகலம், சேர்வருக்கு எத்தனை ஜிபி ரேம் எண்டது ஒரு இடத்திலயும் வரேல்ல பாருங்கோ. றோட்டை அகலமாக்கினா பெடியன் நடக்கிற தூரம் குறையாது. அந்த ஒன்பது லட்சம் முழுக்க றோட்டை அகலமாக்கிற காசு.

முதல்ல காசில்லாத வேலை. ஒவ்வொரு கொம்பியூட்டரிலயும் சொஃப்ட்வேரைத் திறந்தவுடன கஸ்டமர் லிஸ்ட் மாதிரி ஒரு ஸ்க்ரீனைத் திறந்து மினிமைஸ் பண்ணி விடுங்கோ, பின்னேரம் வரைக்கும் மூட வேண்டாம். ஏனெண்டா எக்சஸ் ஒவ்வொரு ஸ்க்ரீனையும் மூடித் திறக்கேக்க தொடர்பை அறுத்து திரும்பக் கட்டுது, எல்டிபி எண்ட பூட்டு ஃபைலையும் திரும்பத் திரும்பப் பார்க்குது, அதிலதான் உங்கட 40 செக்கனில பெரிய பங்கு போகும். ஒரு ஸ்க்ரீன் திறந்தே கிடந்தா தொடர்பு அறாது. நாளைக்குக் காலமையே செய்து பாருங்கோ. வெறும் பட்டன் மட்டும் இருக்கிற மெனு ஸ்க்ரீன் சரிவராது, டேட்டா தெரியிற ஸ்க்ரீனா இருக்கோணும்.

பிறகு, ஆறு பேரும் ஒரே ஷோர்ட்கட்டில சேர்வரில கிடக்கிற சொஃப்ட்வேரையே திறக்கிறியளா எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டா ஸ்க்ரீன் படங்கள் கூட வயரில வருது. சொஃப்ட்வேர் ஃபைல் ஒவ்வொரு கொம்பியூட்டரிலயும் ஒரு கொப்பி இருக்கோணும், டேட்டா ஃபைல் மட்டும் சேர்வரில. அன்டிவைரஸில அந்த டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்கி வையுங்கோ, முழு மெஷினையும் இல்ல. கேஷியர் வைஃபையில இருந்தா இண்டைக்கே வயர் இழுங்கோ. மூலையில தூசி பிடிச்ச 100 எம்பி சுவிட்ச் கிடந்தா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ஒரு ஜிகாபிட் சுவிட்ச் வாங்கிப் போடுங்கோ, சின்னச் செலவுதான்.

இதெல்லாம் சரிவராத ஒரு நிலைமை இருக்கு, அதை வடிவா சொல்லோணும், ஏனெண்டா இதிலதான் கன பேர் ஏமாறினவை. நீங்க காலமை டக்கெண்டு வருது எண்டு எழுதினது பில்லா, ஸ்டொக் ரிப்போர்ட்டா எண்டு எழுதேல்ல. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிக் கிடக்கேக்க, மற்ற அஞ்சு கொம்பியூட்டரையும் நிப்பாட்டிட்டு, சேர்வர் மெஷினுக்கு முன்னாலயே இருந்து சொஃப்ட்வேரைத் திறந்து ஒவ்வொரு ஸ்க்ரீனாப் பாருங்கோ. அங்க வயரே இல்ல. அங்கயும் ஒரு ஸ்க்ரீன் இழுத்தா அந்த ஸ்க்ரீனுக்கும் நெட்வேர்க்குக்கும் சம்பந்தமில்ல. பெரும்பாலும் ஸ்டொக் மிச்சம்தான் அப்பிடி இழுக்கும், ஒரு சாரியின்ர மிச்சத்தைக் காட்ட 2008இல இருந்து வந்ததும் வித்ததும் எல்லாத்தையும் ஒவ்வொரு தரமும் முதல்ல இருந்து கூட்டுது, ஐட்டம் கோட்டுக்கு இன்டெக்ஸ் (புத்தகத்தின்ர கடைசியில இருக்கிற தேடுபட்டியல் மாதிரி) போடாமலும் விட்டிருப்பினம். செய்து தந்தவர் சொஃப்ட்வேரைத் திருத்த ஏலாம பூட்டி எம்டிஈ எண்ட ஃபைலாத் தந்திருந்தாலும் டேட்டா ஃபைல் வேறயா, பாஸ்வேர்ட் இல்லாம இருந்தா, எக்சஸ் தெரிஞ்ச எவரும் அதில இன்டெக்ஸ் போடலாம், அரை நாள் வேலை. கொப்பி ஒண்டு எடுத்து வச்சிட்டுத்தான் தொடச் சொல்லுங்கோ. அண்டைக்கே ஃபைலை அந்த மெஷினுக்குள்ளயே வச்சு கொம்பெக்ட் அன்ட் ரிப்பெயார் (ஃபைலைச் சுருக்கித் திருத்துற எக்சஸ் வசதி) செய்யலாம், வயருக்கு மேலால செய்ய வேண்டாம், நடுவில லைன் அறுந்தா ஃபைல் பழுதாகலாம். ஃபைல் எவ்வளவு பெரிசெண்டும் பாருங்கோ, எக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. பழைய வருஷத்தை அழிச்சா வேகம் வரும் எண்டு ஒருத்தர் சொல்லுவார், அழிக்க விடாதேங்கோ, அது வரிக் கணக்கு.

கோட்டேஷன் தந்தவர் இன்னும் ரெண்டு மூண்டு கதை சொல்லுவார். விண்டோஸ் ஃபைல் பகிர முந்திப் பாவிச்ச எஸ்எம்பி 1 எண்ட பழைய முறையை திரும்பப் போட்டா பழைய சொஃப்ட்வேர் பறக்கும் எண்டுவார். 2017 மே மாசம் வன்னாக்ரை எண்ட ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ்) உலகம் முழுக்க ஓடினது அந்த ஓட்டையாலதான், கையால தொட விடாதேங்கோ. டேட்டா ஃபைலை கூகிள் ட்ரைவ், வன்ட்ரைவ் ஃபோல்டருக்குள்ள வச்சு ரெண்டு கடையும் பாவிக்கலாம் எண்டுவார், ஒரு கடை எழுதினதை மற்றது அழிக்கும், ரெண்டு கொப்பி உண்டாகும், எது உண்மையான கணக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்னட்ட அப்பிடி வந்த ஒரு கடைக்கு ரெண்டு மாச பில்லை கையால திரும்ப அடிக்க வேண்டி வந்தது. ஒரே நாளில எஸ்கியூஎல் எண்ட, சேர்வரே தேடிக் குடுக்கிற டேட்டாபேஸுக்கு மாத்தித் தாறன் எண்டும் சொல்லுவார். டேட்டா டேபிளை மட்டும் தூக்கி அங்க வச்சிட்டு ஸ்க்ரீனை அப்பிடியே விட்டா சில நேரம் முந்தினதை விட இழுக்கும், ஏனெண்டா பெடியன் அப்பவும் நடந்துகொண்டுதான் இருப்பான். அதோட உங்கட ஐட்டம் பேர் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சிருந்தா அதை இப்பத்தைய யூனிகோடுக்கு மாத்துறது தனி வேலை, கோட்டேஷனில அந்த வரி இருக்கா எண்டு பாருங்கோ.

எனக்குக் கோபம் வாறது இந்த முறையில. சொஃப்ட்வேரை விக்கேக்க சோர்ஸ் (சொஃப்ட்வேரை எழுதின மூலக் கோட்) தாறதில்ல, பாஸ்வேர்ட் தாறதில்ல, எழுத்தில ஒண்டும் தாறதில்ல, செய்தவர் வெளிநாடு போனா கடை அநாதை. 2024 ஜனவரி 1ஆம் திகதி வாட் 15இல இருந்து 18 ஆனப்ப எத்தனை முதலாளிமார் அந்த ஒரு இலக்கத்தை மாத்த ஆள் தேடி அலைஞ்சவை. காசு குடுத்து வாங்கின சாமானில ஒரு இலக்கத்தை சொந்தக்காரனால மாத்த ஏலாது எண்டா அது வித்தது இல்ல, வாடகைக்கு விட்டது. உங்கட அப்பாட்ட பழைய பில், கடிதம், சிடி எது கிடந்தாலும் தேடி எடுத்து வையுங்கோ.

வெள்ளவத்தை விஷயம். அங்க இருந்து இந்த ஃபைலைத் திறக்கவே கூடாது, மேல சொன்ன 200 செக்கன்தான் வரும், லைன் நடுவில அறுந்தா ஃபைலும் பழுதாகும். புறக்கோட்டையில விண்டோஸ் ப்ரோ போட்ட ஒரு மிச்ச கொம்பியூட்டரை வச்சு, வெள்ளவத்தையில இருந்து விபிஎன்னுக்குள்ளால ரிமோட் டெஸ்க்டொப்பில (தூர இருக்கிற கொம்பியூட்டரை இங்க இருந்து பாவிக்கிற விண்டோஸ் வசதி) அதுக்குள்ள வாங்கோ. படம் மட்டும்தான் லைனில போகும், பெடியன் புறக்கோட்டைக்குள்ளயே ஓடுவான். ஒரு நேரத்தில ஒரு ஆள்தான் அந்த மெஷினுக்குள்ள இருக்கலாம், அங்க ரெண்டு பேரெண்டா இங்க ரெண்டு மெஷின். விபிஎன் இல்லாம ரவுட்டரில ரிமோட் டெஸ்க்டொப் போர்ட்டைத் திறந்து விடுற ஆளை கடைக்குள்ள எடுக்காதேங்கோ, ரான்சம்வேர் கன இடத்தில அதாலதான் வருது.

காசு செலவழிக்கத்தான் வேணுமெண்டா சேர்வர் மெஷினுக்கும் சுவிட்சுக்கும் ஒரு யூபிஎஸ், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி. முதல்ல அந்த மினிமைஸ் வேலையை நாளைக்குச் செய்து, 40 செக்கன் எவ்வளவா குறைஞ்சதெண்டு போனில நேரம் பிடிச்சு எழுதி அனுப்புங்கோ, ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த ஸ்க்ரீன் இழுத்ததெண்டும் சேர்த்து.