இயேசு பாதி கடவுள், பாதி மனிதரா? – கேள்வி பதில்

கேள்வி: மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் "இயேசு பாதி கடவுள், பாதி மனிதர்" என்று சொல்லிவிட்டேன். சரிதானே ஐயா?

பதில்: அடுத்த ஞாயிறே திருத்திவிடுங்கள் அம்மா. பாலில் தண்ணீரைக் கலந்தால் அது முழுப் பாலும் இல்லை, முழுத் தண்ணீரும் இல்லை. இயேசு அப்படி ஒரு கலவை அல்ல. முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர். இன்றைய இஸ்தான்புல் நகருக்குள் அடங்கிவிட்ட கல்செதோனில் 451இல் கூடிய ஆயர்கள், இரண்டு இயல்புகளும் ஒரே ஆளில் கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் இருக்கின்றன என்றார்கள். நான்கும் எதிர்மறைச் சொற்கள் என்பதைப் பாருங்கள். 'எப்படி' என்று விளக்க அவர்கள் துணியவில்லை, வேலி மட்டும் போட்டார்கள். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: பாட்டி செபமாலையில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்பார். கடவுளுக்கு ஏது தாய்?

பதில்: அக்காலக் கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸும் இதைத்தான் கேட்டார். 'கிறிஸ்துவின் தாய்' என்றால் போதும் என்பது அவர் வாதம். ஆனால் ஒரு தாய் பெறுவது இயல்பை அல்ல, ஆளை. மரியா பெற்றெடுத்த ஆள் இறைமகன் என்றால், அவர் இறைவனின் தாய்தான். 431இல் எபேசில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை உறுதி செய்தது. பாட்டி சொல்வது சரி.

கேள்வி: கடைசி நாள் எப்போது என்று மகனுக்கும் தெரியாது என்கிறாரே (மாற்கு 13:32)? கடவுளுக்குத் தெரியாதா? அல்லது தெரியாததுபோல் நடித்தாரா?

பதில்: நடிப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த வசனத்துக்குத் திருச்சபைத் தந்தையர், அதாவது தொடக்க நூற்றாண்டுகளின் பெரிய ஆசிரியர்கள், எல்லாரும் ஒரே பதில் சொல்லவில்லை. மனிதர் என்ற முறையில் அவருக்குத் தெரியாது என்றார் அத்தனாசியார். தெரியும், ஆனால் நமக்கு வெளிப்படுத்தவில்லை என்றார் அகுஸ்தினார். நான் அத்தனாசியார் பக்கம். குழந்தையாக இருந்தவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்காவே எழுதுகிறாரே!

அப்பொல்லினாரிஸ் என்ற ஆயர், இயேசுவில் மனித மனம் இல்லை, அந்த இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்று போதித்தார். அதற்கு நசியான்சு கிரகோரியார் சொன்ன பதிலின் சாரம் இது: இறைமகன் மனிதரானபோது நம்மிடமிருந்து எதை ஏற்கவில்லையோ, அது குணமாகவில்லை. நம் மனத்துக்கும் மீட்பு வேண்டும் என்றால் அவருக்கும் மனித மனம் இருந்தாக வேண்டும். படகின் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்கியவரை நினைத்துப் பாருங்கள். அது உண்மையான களைப்பு. அவரே எழுந்து கடலை அடக்கினார்.

கேள்வி: என் கேரளத் தோழி யாக்கோபாயா சபை. அவர்கள் கல்செதோனை ஏற்பதில்லையாம். அப்படியானால் இயேசுவின் மனிதத்தன்மையை மறுக்கிறார்களா?

பதில்: இல்லை. இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் இணைந்த ஒரே இயல்பு என்று, எபேசில் நெஸ்தோரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் சிரிலின் சொல்வழக்கில் சொல்கிறார்கள். மனிதத்தன்மை கரைந்துபோனது என்பதை அவர்களும் மறுக்கிறார்கள். அதே மரபைச் சேர்ந்த எகிப்தின் கோப்து சபையின் தலைவர் மூன்றாம் செனூதாவும் திருத்தந்தை ஆறாம் பவுலும் இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 1973இல் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள்.

கேள்வி: கெத்சமனியில் "என் விருப்பப்படி அல்ல" என்றாரே, அவருக்கு இரண்டு விருப்பங்களா?

பதில்: ஆம். சாவுக்கு அஞ்சும் மனித விருப்பம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதையே தந்தைக்குக் கையளித்தார். இதை விட்டுக்கொடுக்காத மாக்சிமுஸ் என்ற துறவியின் நாக்கையும் வலக் கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். 662இல் அங்கேயே இறந்தார். 681இல் மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் சொன்னதையே அறிக்கையிட்டது.