டெர்ரி ரீட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து ராக் பாடகர் டெர்ரி ரீட் பற்றி நீங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். அதுவரை எனக்கு அவர் பெயரே தெரியாது. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான் வருகிறது: லெட் செப்பலின் என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் பாட வந்த அழைப்பை மறுத்தவர். நீங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு அவரைப் பெரிய பாடகர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அபிமானத்தில் சொன்ன மிகையாகப் படுகிறது. இத்தனை வருடம் மேடையேறியும் ஒரு ஹிட் பாடல்கூட இல்லை, வயதான பிறகும் சின்ன சின்ன கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே ஒரு தப்பான முடிவால் வாழ்க்கையைத் தொலைத்தவர் என்பதுதானே உண்மை?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த 1968ஆம் வருடக் கதையைப் பார்த்துவிடுவோம். யார்ட்பேர்ட்ஸ் குழு கலைந்துபோய், அதன் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் புதிதாக ஒன்றைச் சேர்க்கப் பாடகர் தேடிக்கொண்டிருந்தார். லெட் செப்பலின் என்ற பெயரே அப்போது கிடையாது. ரீடுக்கு 18 வயது. பதினைந்து, பதினாறு வயதிலேயே பீட்டர் ஜே அண்ட் தி ஜேவாக்கர்ஸ் குழுவில் பாட வந்து, 1966இல் ரோலிங் ஸ்டோன்ஸோடு இங்கிலாந்து முழுக்கச் சுற்றியவர். கையில் கிரீம் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் பாடும் வேலை இருந்தது. நீங்களே சொல்லுங்கள், அன்றைக்கு எரிக் கிளாப்டன் குழுவோடு அமெரிக்கா போகிற வேலையை, பெயர்கூட வைக்காத ஒரு குழுவுக்காக யார் விடுவார்கள்? ஒப்புக்கொண்ட வேலைக்குப் போனார், அவ்வளவுதான். போவதற்கு முன் பேஜிடம் ராபர்ட் பிளான்ட் என்று ஒரு பையன் பாடுகிறான், போய்க் கேளுங்கள், அங்கே டிரம்ஸ் வாசிப்பவரையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டிரம்மர் ஜான் போனம். இரண்டு பேருமே பிறகு லெட் செப்பலினில் சேர்ந்தார்கள். தான் போகாத இடத்துக்கு இதைவிடச் சரியான ஆட்களை யார் காட்டியிருக்க முடியும்?

அவரை முடக்கியது ஒப்பந்தம். இதைத்தான் யாரும் பேசுவதில்லை, எனக்கு இதில்தான் ஆதங்கம். அவர் ஒப்பந்தம் போட்டிருந்த தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட். அனிமல்ஸ், ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ், லுலு என்று வரிசையாக ஹிட் கொடுத்த மனிதர், மூன்று நிமிஷப் பாட்டின் கணக்கு தெரிந்தவர். ரீட் நல்ல பாட்டுக்காரராகத் தான் கொடுப்பதைப் பாடினால் போதும் என்பது மோஸ்டின் எண்ணம். ரீடுக்கோ தானே எழுதி, தன் கிட்டாரோடு, பாட்டு எங்கே போகிறதோ அங்கே அதன் பின்னால் போக வேண்டும். 1969இல் இரண்டாவது ரெக்கார்டு வந்தது. அதோடு சண்டை முற்றி, அடுத்தது வெளிவர 1973 ஆகிவிட்டது. நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, 1970இல் ஐல் ஆஃப் வைட் விழாவில் பாடினார், 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் கல்யாணத்திலும் கிளாஸ்டன்பரி விழாவிலும் பாடினார். மேடையில் பாடலாம், ஆனால் புது ரெக்கார்டு கடைக்கு வராது. ராக் இசையில் ஒரு குழுவின் பெயர் ஊர் ஊராகப் பரவிய வருடங்கள் அவை, அப்போது பாடகருக்கு 20, 22 வயது, குரல் உச்சத்தில் இருக்கிறது! தொலைந்தது என்று எதையாவது சொல்வதென்றால் இந்த வருடங்களைச் சொல்லுங்கள்.

சரி, பெரிய பாடகர் என்று எதை வைத்துச் சொன்னேன் என்றால், அந்த 1973ஆம் வருட ரெக்கார்டை வைத்துத்தான். பெயர் 'ரிவர்'. அட்லாண்டிக் கம்பெனியின் அஹ்மத் எர்டகன் வெளியிட்டது. மொத்தமே ஏழு பாட்டு. முதல் பக்கத்தில் டேவிட் லிண்ட்லியின் ஸ்டீல் கிட்டார் ஒரு பக்கம் இழுக்க, ரீடின் கிட்டார் இன்னொரு பக்கம் வெட்டி வெட்டிப் போகும். அதைத் திருப்பிப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும், வில்லி போபோவின் தாளம் மெல்ல வரும், அப்புறம் கடைசிப் பாட்டுகளில் ஏறக்குறைய கிட்டாரும் குரலும் மட்டும்தான். அங்கே காதைக் கொடுத்துக் கேளுங்கள். சொற்களைப் பாதி விழுங்கிவிடுவார். ஒரு வரியைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்குவார், தப்பிப் போயிற்று என்று நாம் நினைக்கும்போது குரல் கரகரத்து மேலே ஏறி, கிட்டார் மாறுகிற அதே இடத்தில் வந்து உட்காரும். சூப்பர்லங்ஸ் (அசுர நுரையீரல்) என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர், கத்தினால் அரங்கம் அதிரும், அவர் அந்தச் சத்தத்தையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு பாடுகிறார். வேறொருவர் கிட்டார் வாசித்து இவர் வெறுமனே பாடியிருந்தால் இது நடந்திருக்காது. அந்த ரெக்கார்டு விற்கவில்லை.

அடுத்தது 1976இல், கிரஹாம் நாஷ் தயாரித்தது, அதுவும் பெரிதாகப் போகவில்லை. 1979க்குப் பிறகு தன் பெயரில் அடுத்த ரெக்கார்டு 1991இல்தான். அதற்குள் கலிஃபோர்னியாவாசியாகி, டான் ஹென்லி, ஜாக்சன் பிரவுன், பானி ரெய்ட் மாதிரியானவர்களுக்கு ஸ்டூடியோவில் வேலை செய்தார். இந்தப் பிழைப்பை நீங்கள் தோல்வி என்கிறீர்கள். அவர் பாட்டை சீப் ட்ரிக் குழு 1977இல் தங்கள் முதல் ரெக்கார்டில் பாடினார்கள், 2008இல் ராக்கன்டியூர்ஸ் குழு இன்னொன்றை எடுத்துப் பாடினார்கள். 2005இல் இயக்குநர் ராப் ஸாம்பி தன் படத்தில் அந்த 1976 ரெக்கார்டின் பாட்டுகள் மூன்றைச் சேர்த்தார். பாட்டை எழுதியவருக்கு இப்படித்தான் உரிமைத்தொகை வரும், சில சமயம் முப்பது வருடம் கழித்து. விற்காத ரெக்கார்டு அத்தனை நாளும் யாரோ ஒரு பாடகர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சின்ன கிளப் என்றீர்கள். 2000க்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் தி ஜாயிண்ட் என்ற இடத்தில் கிட்டாரிஸ்ட் வாடி வாக்டெல் குழுவோடு திங்கட்கிழமை தோறும் பாடினார். அங்கே வந்து மேடையேறியவர்களில் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் உண்டு, ராபர்ட் பிளான்ட்டே உண்டு. அவர்களுக்குத் தெரிந்திருந்தது இவர் யாரென்று. 2025 ஆகஸ்டில், 75 வயதில் போய்ச் சேரும்வரை இங்கிலாந்துக்கு மறுபடி மறுபடி வந்து பாடினார், கடைசியாகப் போட்டிருந்த பயணத்தை உடம்பு முடியாமல்தான் ரத்து செய்தார்.

'ரிவர்' சமயத்தில் பதிவாகி அலமாரியில் கிடந்த மீதிப் பாட்டுகளும் 2016இல் தனியாக வெளிவந்தன. முதலில் 'ரிவர்', அதிலும் இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் இதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மிகை என்று தோன்றினால் எழுதுங்கள், எந்தப் பாட்டில் அப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பேசுவோம்.