பெர்லின் ஸ்டார்ட்அப்பில் மாட்டிக்கொண்ட தம்பிக்கு

தம்பி, ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை செய்யக் கொடுக்கும் அனுமதியில், பெர்லின் வந்து 8 மாதம் ஆகிறது என்கிறீர்கள். இரவு 11 மணிக்கு ஃபவுண்டர் ஸ்லாக் என்ற ஆபீஸ் சாட் செயலியில் செய்தி அனுப்புகிறார், எல்லோரும் பார்க்கிற சேனலிலேயே திட்டுகிறார், காய்ச்சலுக்கு 2 நாள் லீவு போட்டதற்கு என்ன நோய் என்று விசாரிக்கிறார். வேலையை விட்டால் விசா போய்விடுமா என்பது உங்கள் கேள்வி.

உடனே போகாது. அந்த கார்டைக் கொடுத்தது அரசு, உங்கள் ஃபவுண்டர் அல்ல. 2023 நவம்பரில் வந்த சட்டத்தின்படி, ப்ளூ கார்டில் இருப்பவர் வேலை மாற முன் அனுமதி வாங்க வேண்டாம். முதல் 12 மாதத்துக்குள் மாறினால் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் அதை 30 நாள் வரை நிறுத்தி வைக்கலாம், புது வேலை ப்ளூ கார்டு விதிக்குப் பொருந்தாவிட்டால் மறுக்கலாம். அவ்வளவுதான். வேலையே போனாலும் மறுநாள் ஊருக்குக் கிளம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2 வாரத்துக்குள் தகவல் சொல்லிவிட்டால், வேறு வேலை தேட வழக்கமாகச் சில மாதம் கிடைக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் இங்கே முதலில் சேர்ந்த ஸ்டார்ட்அப்பிலும் இதே கதைதான். சாயங்காலம் 6 மணியானால் ஜெர்மன்காரர்கள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எட்டரைக்கும் உட்கார்ந்திருப்பது நான், பிரேசில் பையன் ஒருவன், ஈரானியப் பெண் ஒருத்தி, ஹைதராபாத்காரர்கள் இரண்டு பேர். எல்லோருமே விசாவில் இருந்தவர்கள். ஃபவுண்டர் குரலை உயர்த்துவதும் எங்களிடம் மட்டும்தான். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று திங்கள்கிழமை கூட்டத்தில் பேசுவதும் அதே ஆள்தான். ஜெர்மன்காரர்கள் எங்களைவிடத் திறமைசாலிகள் இல்லை. சட்டம் அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது ஊரில் கட்ட வேண்டிய கடன், மகள் ஜெர்மனியில் இருக்கிறாள் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிற அம்மா, மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த வளர்ப்பு. இந்தப் பயத்தை வைத்துத்தான் இப்படிப்பட்ட ஃபவுண்டர்கள் வேலை வாங்குகிறார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் தருவது இதுதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதிகபட்சம் 10 வரை போகலாம், அதுவும் பின்னால் ஈடுகட்ட வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேர இடைவெளி கட்டாயம். நள்ளிரவு வரை உங்களை உட்கார வைத்தால் மறுநாள் காலை 11 மணிக்கு முன் உங்களைக் கூப்பிட முடியாது. வேலை செய்த நேரத்தைத் தினமும் உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி ஃபைல்களை வீட்டுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள்.

என்ன நோய் என்று கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. கம்பெனிக்குப் போகும் மருத்துவச் சான்றிலும் நோயின் பெயர் இருக்காது. தூக்கம் கெட்டு, காலையில் லேப்டாப்பைத் திறக்கவே நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு உடனே டாக்டரைப் பாருங்கள். அதுவும் நோய்தான், 6 வாரம் வரை முழுச் சம்பளத்தோடு ஓய்வு எடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு நாள் உங்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, சுமுகமாகப் பிரிந்துவிடலாம் என்று ஒரு ஒப்பந்தத்தை நீட்டலாம். அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்று இதற்குப் பெயர். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்த ஈரானியப் பெண் பயத்தில் ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், வேலையின்மை உதவித்தொகை 12 வாரம் நின்றுபோனது. வேலையை விட்டு நீக்குவதென்றால் மையால் கையெழுத்திட்ட காகிதம் வர வேண்டும். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் செல்லாது. காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் போயும் பதிவு செய்யலாம்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். உதவித்தொகைக்குக் கடைசி 30 மாதத்தில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும், உங்களுக்கு 8தான் ஆகிறது. அதனால் இந்த வேலையிலேயே இருந்துகொண்டு இன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். நானும் அப்படித்தான், புது ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் அங்கிருந்து வந்தேன். அப்புறம், கிளம்பும்போது வேலைச் சான்றிதழ் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விர்ச்சுவல் ஷேர் (கம்பெனியை விற்றால் பணமாகக் கிடைக்கும் பங்கு) இருக்கிறதே, விட்டால் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். உங்கள் பெயரில் ஏற்கனவே உறுதியானதை, நீங்கள் ராஜினாமா செய்தீர்கள் என்பதற்காகவே பறிக்க முடியாது என்று 2025 மார்ச்சில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று எழுதுங்கள். 10 பேருக்கு மேல் இருந்தால், 6 மாதம் தாண்டிவிட்ட உங்களைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. 3 மாத நோட்டீஸ் என்றால், புது இடத்தில் சேரும் தேதியை அதற்கேற்றபடி பேச வேண்டியிருக்கும்.