வேலை போய்க் கடனில் நிற்கும்போது கடவுளின் திட்டத்தை எப்படி நம்புவது?

பனியன் கம்பெனியில் வேலை போய்விட்டது, கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆறுதல் சொல்ல வருகிற சபையார் எல்லாரும் "உங்களைப் பற்றி நான் நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே" என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11-ஐச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், கேட்கக் கேட்க மனம் கசக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் குறைந்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் திருப்பூர்க்காரி. சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்தில் இதே வசனம் எங்கள் வீட்டிலும் ஓயாமல் ஒலித்தது.

உங்கள் விசுவாசத்தில் குறை எதுவும் இல்லை. அந்த வசனத்தைப் பாதியில் வெட்டி உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தின வசனம், 70 வருஷம் நிறைவேறின பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எருசலேமை மறுபடி பார்த்திருப்பார்கள்? இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னவனும் ஒருவன் இருந்தான், அனனியா. 28-ஆம் அதிகாரம் அவனைப் பொய் சொன்னவன் என்கிறது. அதனால் "அடுத்த மாதமே கதவு திறக்கும்" என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், எரேமியாவின் பெயரில் அனனியாவின் வார்த்தையைச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கடிதம் அவர்களிடம் கேட்பதும் பெரிய சாகசம் அல்ல. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. தங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக! இந்தக் கடைசி வார்த்தைதான் எங்கள் வீட்டில் வந்து தைத்தது.

2011 ஜனவரி இறுதியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாதபடி சுத்திகரிக்கும் வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. என் கணவர் அப்போது ஒரு பட்டறையில், துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் நின்றது. சாயத்துணி வராததால் தையல் வேலையும் குறைந்து, ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஷிப்டு பாதியானது. சபையில் உபவாச ஜெபம் வைத்துப் பட்டறைகள் திறக்க வேண்டும் என்று மன்றாடினோம்.

என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டிய அந்த அணையில் தேங்கியது சாயக்கழிவுதான். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போனது. தென்னை காய்ந்தது. மாடுகூட அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அந்தப் பக்கத்து விவசாயிகள் பல வருஷம் வழக்காடி வாங்கிய உத்தரவுதான் எங்கள் பட்டறையை மூடியது. அம்மாயியும் ஆற்றுக்காக முழங்காலில் நின்றவர். உத்தரவு வந்த வாரம் அவர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், எங்கள் வீட்டில் அழுகை. இரண்டு வீட்டின் ஜெபத்தையும் கேட்டவர் ஒரே கர்த்தர்.

போனில் பேசும்போது அம்மாயி இதை மறைக்கவில்லை. "ஆற்றுக்காகவும் ஜெபிக்கிறேன் கண்ணு, மாப்பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன்" என்றார். மானாவாரியில் விளைந்த தட்டைப்பயறை ஒரு மூட்டை கட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். தேவனுடைய திட்டத்தை என் வீட்டுச் சம்பளத்தைக் கொண்டு அளக்கக் கூடாது என்று எனக்கு விளங்கியது அவரிடமிருந்துதான். எனக்கு அடியாக விழுந்தது அவருடைய ஜெபத்துக்குக் கிடைத்த பதில். அதற்காக அடி வலிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வலித்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தீமையையும் தேவ சித்தம் என்று அவர்மேல் ஏற்றாதீர்கள். நொய்யலில் சாயம் கலந்தது மனிதர் செய்த வேலை. உங்கள் முதலாளி பாக்கிச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அப்படித்தான். அதைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். அது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல. ஆதியாகமத்தில் யோசேப்பு, தம்மை அடிமையாக விற்ற சகோதரர்களிடம் பேசும்போது, எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிறார். அதையும் அவரே சொல்கிறார், முடிவைக் கண்ட பிறகு சொல்கிறார். 17 வயதில் விற்கப்பட்டவர் பார்வோன் முன் நின்றபோது வயது 30. நடுவில் குழியில் கிடந்தவரிடமோ சிறையில் இருந்தவரிடமோ போய் "எல்லாம் நன்மைக்கே" என்று ஒருவரும் பிரசங்கம் செய்ததாக வேதத்தில் இல்லை. உங்கள் துன்பத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை உங்களுக்கும் கர்த்தருக்கும் மட்டுமே உண்டு, அதற்கும் அவசரம் இல்லை.

அப்படியானால் தினசரி எப்படி வாழ்வது? எங்களைத் தாங்கியவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். இரவுக் குடும்ப ஜெபத்தை விடவில்லை. பேச வார்த்தை வராத இரவுகளில் 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தோம். மொத்தம் ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற முறையீட்டில்தான் தொடங்குகிறது. வேதமே அப்படி முறையிடக் கற்றுத்தரும்போது, முறையிடுகிறவரை அவிசுவாசி என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. சமைக்கும் முன் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காகப் பிடியரிசி, அதாவது ஒரு கைப்பிடி அரிசி, எடுத்துவைப்பதையும் நான் நிறுத்தவில்லை. அதே சங்கம் எங்களுக்கு அரிசியும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுத்தபோது தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டேன். கொடுப்பது மட்டும் ஊழியம் அல்ல, வாங்கிக்கொள்வதும் ஒரு சபையாக இருப்பதுதான்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். கையில் இருப்பதை விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று கஷ்டத்தில் இருப்பவரிடமே கேட்கிற ஊழியக்காரர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏழை விதவை காணிக்கையாகப் போட்ட இரண்டு காசைப் பேசுகிற மாற்கு 12-ஆம் அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்பே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதையும் சேர்த்து வாசியுங்கள்.

என் கணவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சுத்திகரிப்பு வசதி செய்த பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார், குறைந்த சம்பளத்துக்கு. கடன் தீர வருஷக்கணக்கானது. இதை ஒரு வெற்றிச் சாட்சியாக உங்களுக்கு எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வருஷங்களில் ஒரு நாள்கூட கர்த்தர் எங்களைக் கைவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

உங்கள் கடன் விவரம் முழுவதையும், எவரிடம் எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதுங்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டுகிறவர் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் சபையில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு இன்றே அழையுங்கள், மருத்துவரையும் பாருங்கள். இந்தப் பதிலின் கீழே உங்கள் சபை எந்தப் பகுதி என்று மட்டும் சொல்லுங்கள், எங்கள் பெண்கள் சங்கத்தில் இருவரை அழைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன்.