கையெழுத்துக்கு முன்னால்: கால்பந்து ஒப்பந்தம், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒப்பந்தம் பற்றியவை. சில அமெரிக்கக் கால்பந்து பற்றியவை, மற்றவை நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து பற்றியவை. ஆட்டம் வேறு, சிக்கல் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

என் மகன் சின்சினாட்டியில் வேலை பார்க்கிறான். 2025-இல் அந்த ஊர் பெங்கால்ஸ் அணி எடுத்த ஷெமார் ஸ்டூவர்ட் என்ற புதுமுக வீரர் மாதக்கணக்கில் கையெழுத்துப் போடவில்லையாம். புதுமுகங்களுக்குச் சம்பளம் முன்கூட்டியே நிர்ணயம் ஆகிவிடும் என்றும் அவனே சொல்கிறான். பிறகு எதற்கு இழுபறி? – வாசகர், அண்ணா நகர், மதுரை

உங்கள் மகன் சொல்வது சரி. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீகில் 2011-இல் வீரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வில்) எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அதற்கேற்பத் தொகை ஏறக்குறைய முடிவாகிவிடும். அதற்கு முன்னால் வானமே எல்லை. 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம், அதாவது அணி கழற்றிவிட்டாலும் தர வேண்டிய பணம். மறு வருடம் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடி டாலர்தான். ஒரே வருடத்தில் அவ்வளவு வித்தியாசம்.

ஆகவே இப்போது சண்டை தொகைக்கு இல்லை, வாசகத்துக்கு. ஸ்டூவர்ட் 17-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருக்கு வர வேண்டிய தொகையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அணி ஒரு புது வரி சேர்க்கப் பார்த்தது. வீரர் ஏதாவது ஒரு வருடத்தில் நடத்தை விதியை மீறினால் அந்த வருடத்து உத்தரவாதம் மட்டுமல்ல, மீதி வருடங்களின் உத்தரவாதமும் சேர்ந்து போய்விடும் என்பது அந்த வரியின் பொருள். அதற்கு முந்தைய வருடங்களில் அதே அணி எடுத்தவர்களுக்கு அந்த வரி இல்லை. “எனக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டார். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம் தொடங்கிய பின் ஜூலைக் கடைசியில்தான் கையெழுத்து ஆனது.

இன்னொரு வழக்கமான தகராறு, ‘ஆஃப்செட்’ என்கிற ஈடுகட்டும் வாசகம். ஓர் உதாரணக் கணக்கு போடுகிறோம். ஒப்பந்தத்தில் இன்னும் 50 லட்சம் டாலர் உத்தரவாதம் மிச்சமிருக்கும்போது அணி வீரரைக் கழற்றிவிடுகிறது, வேறு அணி அவரை 20 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறது. ஆஃப்செட் இருந்தால் பழைய அணி 30 லட்சம் தந்தால் போதும், வீரருக்கு மொத்தம் 50. அந்த வாசகம் இல்லையென்றால் பழைய அணி முழு 50-ஐயும் தர வேண்டும், வீரர் கையில் 70. ஒரே ஒரு வரிதான், 20 லட்சம் இடம் மாறுகிறது. 2016-இல் சார்ஜர்ஸ் எடுத்த ஜோயி போசா ஆகஸ்ட் 29 வரை முகாமுக்கு வராமல் நின்றது இந்த வரிக்காகவும், கையெழுத்து போனஸ் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதற்காகவும்தான்.

அப்படி வராமல் நின்றால் அபராதம் உண்டா? எவ்வளவு நாள் நிற்கலாம்? – வாசகர், உசிலம்பட்டி

ஒப்பந்தமே இல்லாத புதுமுகத்துக்கு அபராதம் கிடையாது. அபராதம், கையெழுத்துப் போட்ட பிறகு முகாமுக்கு வராதவர்களுக்குத்தான். ஆனால் நாள்காட்டி அபராதத்தை விடக் கொடியது. பருவத்தின் 10-ஆவது வார ஆட்டங்கள் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்தாகவில்லை என்றால் அந்த வருடம் முழுக்க ஆட முடியாது. எடுத்த அணிக்கு அடுத்த டிராஃப்ட் வரை அவர் மேல் உரிமை உண்டு. அந்த டிராஃப்டில் வேறு அணி அவரை எடுக்கலாம். 1986-இல் டாம்பா பே முதல் ஆளாக எடுத்த போ ஜாக்சன் கையெழுத்தே போடாமல் பேஸ்பால் ஆடப் போய்விட்டார். 1987-இல் ரெய்டர்ஸ் அவரை 7-ஆவது சுற்றில் எடுத்தது. அவருக்கு இன்னொரு ஆட்டம் கைவசம் இருந்தது, எல்லோருக்கும் அது இருக்காது.

புதுமுகம் முகாமைத் தவறவிட்டால் அணியின் வாய்ப்பு கெடுமா? – கல்லூரி மாணவர், கோரிப்பாளையம்

அவர் எந்த இடத்தில் ஆடுகிறவர் என்பதைப் பொறுத்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால் பெரும் இழப்பு. நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்து, பந்து பிடிக்கிறவர்களோடு நேரக் கணக்கு பழகும் இடம் அந்த முகாம்தான். 2007-இல் ரெய்டர்ஸ் முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரசல், முதல் ஆட்டம் முடிந்த பிறகு செப்டம்பர் 12-ல் கையெழுத்துப் போட்டார். களத்தில் இறங்கியது டிசம்பரில். அணி அந்த வருடம் 4 வெற்றி, 12 தோல்வி. 2010 மே மாதம் அவரை விடுவித்துவிட்டார்கள். தாமதம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், ஆனால் முதல் வருடப் பாடம் முழுக்கப் போனது.

பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவருக்குக் கொஞ்சம் தாங்கும். 2009-இல் 49ஏர்ஸ் எடுத்த மைக்கேல் கிராப்ட்ரீ அக்டோபர் 7 வரை நின்றார். 5 ஆட்டம் போனது, மீதி 11-இல் 48 பந்து பிடித்து 625 கெஜம் எடுத்தார். அணி 8 வெற்றி, 8 தோல்வி.

எதிரணியின் குவார்ட்டர்பேக்கை விரட்டும் இடத்துக்குத்தான் இழப்பு குறைவு, அங்கே உடல் வேகமும் கை வேலையும் பெரிது. ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தனியாக ஜிம்மில் எவ்வளவு உழைத்தாலும், எதிரே 140 கிலோ ஆள் நின்று தள்ளும்போது தொடைத் தசைக்கு வரும் இழுவை வேறு. முகாமைத் தவறவிட்டு நேராகப் பருவத்துக்குள் வந்தால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். போசாவுக்கு அதுதான் நடந்தது, முதல் 4 ஆட்டமும் போனது. வந்தபின் 12 ஆட்டத்தில் 10.5 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்து, தடுப்பு ஆட்டத்தில் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். அப்படியும் அணி 5 வெற்றி, 11 தோல்வி. ஒரு புதுமுகத் தடுப்பாளர் அணியின் தலையெழுத்தை மாற்றுவதில்லை. பெங்கால்ஸ் விஷயத்திலும் அதையே பார்த்தோம். ஜூலை முழுக்க ஸ்டூவர்ட் பேச்சாக இருந்தது, 2025 செப்டம்பரில் இரண்டாவது ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கால் பெருவிரலில் அடிபட்டு அறுவை சிகிச்சை வரை போனது. அந்தப் பருவத்தை உலுக்கியது அந்தக் காயம்தான்.

என் மகனுக்கு 17 வயது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி எடுக்கிறவன், இடது விங் ஆடுகிறான். வெளியூர் கிளப் ஒன்று 5 வருட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. “உடனே கையெழுத்துப் போடாதீங்க, இழுத்துப் பிடிச்சா கூடுதலா தருவாங்க” என்று உறவினர் சொல்கிறார். செய்யலாமா? – ஒரு தாய், திருப்பரங்குன்றம்

அம்மா, இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஆனால் வந்ததை அப்படியே போட்டுக் கொடுக்கவும் வேண்டாம். அமெரிக்க வீரர் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு: டிராஃப்டில் அவருக்காக ஓர் அணி தன் முறையைச் செலவழித்துவிட்டது, அவரை விட்டால் அந்த முறை வீண். உங்கள் மகனுக்குப் பின்னால் அதே இடத்துக்குத் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பதிவுக் காலம் முடிந்துவிட்டால் அடுத்த பதிவுக் காலம் வரை எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. ஆகவே அடம் பிடிப்பது தொகைக்காக வேண்டாம், இரண்டு மூன்று வரிகளுக்காக இருக்கட்டும். அதையும் வாயால் பேசாமல் மின்னஞ்சலில் எழுதி, பதிலுக்குத் தேதி கேளுங்கள்.

முதல் வரி, காலம். 18 வயது ஆகாத வீரரோடு 3 வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. 5 வருடம் என்று வந்ததே தவறு, அதைச் சுட்டிக்காட்டினாலே கிளப் திருத்தித் தரும். நம் நாட்டு 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். ஆகவே பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். போடும்போது, நீங்கள் எதற்குப் பொறுப்பேற்கிறீர்கள் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். சில ஒப்பந்தங்களில் மகன் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் பெற்றோர் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி நடுவில் கிடக்கும்.

இரண்டாவது, நீட்டிப்பு. “கிளப்பின் விருப்பப்படி மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்படும்” என்று இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே பிடித்து வைப்பார்கள், ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் லாபம் அவர்களுக்கே. “இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும், புதிதாகப் பேசிய சம்பளத்தில்” என்று மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: காயம். விங்கில் ஆடும் பையனுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிவது அரிதல்ல. முழங்கால் நடுவில் உள்ள ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு 9 மாதமாவது மீட்சி. அந்த 9 மாதமும் சம்பளம் உண்டா, எந்த மருத்துவமனை, பிசியோவுக்கு யார் பணம், காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். “கிளப் பார்த்துக்கொள்ளும்” என்ற வாய்ச்சொல் அறுவை சிகிச்சை மேசை வரைக்கும்தான் வரும், அதற்குப் பிறகான பிசியோ செலவில்தான் குடும்பங்கள் நொடிக்கின்றன. உடல் தகுதிப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை வைப்பதும் ஃபிஃபா விதிக்கு மாறானது. பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பேச்சு நடக்கிற நாட்களில் மகன் அங்கே பயிற்சிக்குப் போவதானால், “இந்தக் காலத்தில் காயம் பட்டால் சிகிச்சைச் செலவு கிளப்புடையது” என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். என்.எஃப்.எல்.-இலும் கையெழுத்தாகாத புதுமுகங்கள் இப்படி ஒரு தாளோடுதான் பயிற்சியில் இறங்குகிறார்கள்.

லீக் தள்ளிப்போனால் சம்பளம் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். 2025-26 ஐ.எஸ்.எல். பருவம் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது, அதுவரை வீரர்கள் தவித்ததை எல்லோரும் பார்த்தோம். பிளஸ் டூ தேர்வு மாதத்தில் விடுப்பு உண்டா என்பதும் தாளில் வரட்டும். கடைசியாக, எல்லாப் பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி அன்றைக்கே உங்கள் கையில் இருக்க வேண்டும், “பிறகு தபாலில் அனுப்புகிறோம்” என்றால் எழுந்து வராதீர்கள்.

கையெழுத்துப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். 2 மாதச் சம்பளம் வரவில்லை. பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் பணம் வருமா? – வீரர், மேலூர்

போகாமல் இருந்துவிடாதீர்கள் தம்பி. அந்த நிமிடம் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். வழி இதுதான்: இரண்டு மாதச் சம்பளம் நிலுவை என்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போங்கள், வருகைக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருகிறது. பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவில் புகார் செய்யலாம். வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தப் பிரதி, நோட்டீஸ் போன மின்னஞ்சல் மூன்றும் போதும்.

காரணமில்லாமல் நீங்களாக முறித்தால் கதை வேறு. 28 வயதுக்குள் போட்ட ஒப்பந்தத்தில் முதல் 3 பருவமோ 3 வருடமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை பாதுகாப்புக் காலம். அதற்குள் முறித்தால் இழப்பீட்டோடு 4 மாதம் ஆடத் தடையும் வரலாம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் “வேறு கிளப் கூப்பிட்டால் முதலில் எங்களிடம்தான் வர வேண்டும்” என்று ஒரு வரி இருக்கிறது. செல்லுமா? – வாசகர், செல்லூர்

ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் ஒருவர் தொழிலைக் கட்டிப்போடும் வரி, ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர ஒப்பந்த நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், இதே போன்ற ‘முதல் உரிமை’ வரியை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனாலும் அதை நீக்கச் சொல்லியே கையெழுத்துப் போடுங்கள். வழக்கில் வென்றாலும் அதற்குள் ஒரு பருவம் போய்விடும். ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்போடு கையெழுத்துப் போட விதிப்படி உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளப் டிரயலுக்கு அழைத்துப் போகிறேன் என்று ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். – வாசகர், வாடிப்பட்டி

கொடுக்காதீர்கள். ஏஜென்டுக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும், தேர்வு எழுதி வாங்குவது அது. உரிமம் உள்ளவர் பெயரை ஃபிஃபா இணையதளத்தில் பார்க்கலாம். அவருக்கு வருமானம் ஒப்பந்தம் கையெழுத்தானபின் சம்பளத்தில் ஒரு சதவீதமாக வருவது, டிரயலுக்கு முன்னால் வாங்குவது அல்ல. 18 வயது ஆகாத பையனிடம் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் பேசவே கூடாது. உரிம எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அதைச் சரிபார்த்த பிறகு மேற்கொண்டு பேசலாம்.