வாசகர் கேள்வி பதில்: பெயர்ந்து விழும் காரையும் கடற்கரை நடையும்

கேள்வி: பாம்பனில் கடலோர வீடு. தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு முறை பூசியும் மழைக்குப் பிறகு விழுந்துவிடுகிறது.

பதில்: துருவின் மேலேயே பூசியதுதான் காரணம். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தம்தான் காரையைத் தள்ளுகிறது.

முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுங்கள். சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கம் தெரிந்ததும் கொத்தனார்கள் நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. கம்பிக்குப் பின்னாலும் 2 செ.மீ. குடையச் சொல்லுங்கள். கம்பி பிரஷால் சுற்றிலும் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் அன்றைக்கே துரு தடுக்கும் ஸிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். ஓர் இரவு விட்டால் நம் ஊர்க் காற்றில் மறுபடி சிவந்துவிடும். பிரைமர் காய்ந்தபின், பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவை ஒட்டுவதற்கான பாண்டிங் பூச்சு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையை அடுக்கடுக்காக அப்ப வேண்டும். பூச்சு உலர்ந்துவிட்டால் ஒட்டாது, உரிந்துவரும். பிறகு 7 நாள் ஈரம் காயாமல் பாருங்கள். கலவைக்கோ நனைக்கவோ உவர்க் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம். வெளியேற்றப் பார்க்கும் உப்பை நாமே உள்ளே ஊற்றுவதாகிவிடும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் அதையும் சரிசெய்யுங்கள். கம்பியின் தடிமனில் கால்பங்கு கரைந்திருந்தால், பூசுவதற்கு முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. தளம் போடும் அன்று, அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே அளந்து பாருங்கள்.

கேள்வி: தேவிபட்டினம் கடலில் விளையாடிவிட்டு வந்தால் எங்கள் நாய் வாந்தி எடுக்கிறது.

பதில்: பந்தைக் கவ்வும்போது கடல்நீரையும் விழுங்குகிறது. கிளம்பும் முன்பே வயிறாரத் தண்ணீர் வையுங்கள். கரையிலும் கால்மணிக்கு ஒருமுறை கொடுங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதையும் விரலிடுக்கையும் துடைத்துவிடுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு இருந்தால் உப்பு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மண்டபத்தில் தினமும் மணலில் நடக்கிறேன். கெண்டைக்கால் கடுக்கிறது.

பதில்: புதையும் மணலில் ஏறக்குறைய இருமடங்கு உழைப்பு. முதல் இரண்டு வாரம் அலை நனைத்த கெட்டி மணலில் 15 நிமிடம் போதும். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். போன தூரம் அதே தடத்தில் திரும்பி வாருங்கள், அடுத்த காலுக்கும் அந்தப் பாரம் போகும்.