உயரமான சரக்கு ஏற்றிய லாரி இடித்தால் நெடுஞ்சாலைப் பாலமே விழுந்துவிடுமா?

பெரும்பாலும் விழாது. பாலத்துக்கு அடியில் போகும் லாரி இடித்தால் ஓர் உத்தரம் அடிபடும், கான்கிரீட் பெயரும், சரக்கு நொறுங்கும். பக்கத்து உத்தரங்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் விழுந்த பாலம் ஒன்று உண்டு. நான் அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் இருக்கிறேன். கனடாவின் வான்கூவருக்குக் காரில் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐ-5 நெடுஞ்சாலையில், ஸ்காஜிட் ஆற்றின் மேல் 1955-இல் கட்டிய இரும்புப் பாலம் அது.

2013 மே 23 மாலை, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து துளையிடும் கருவிக்கான பெரிய கூண்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி தெற்கே வந்தது. அனுமதிச் சீட்டில் உயரம் 15 அடி 9 அங்குலம். பிறகு அளந்தபோது 15 அடி 11 அங்குலம். அந்த இரண்டு அங்குலம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சீட்டில் இருந்த உயரமே இருந்திருந்தாலும் லாரி போன லேனில் இடித்திருக்கும்.

அந்தப் பாலத்தில் சாலை இரும்புச் சட்டகத்துக்கு உள்ளே போகிறது. தலைக்கு மேலே இருந்த குறுக்குச் சட்டங்கள் அப்போது வில்லாக வளைந்திருந்தன. அதனால் இடது லேனில் சுமார் 17 அடி உயரம் கிடைத்தது, வலது ஓரத்தில் 15 அடிகூடக் கிடைக்கவில்லை. இங்கே வலதுபக்கம் ஓட்டுவதால் கனரக லாரிகள் வழக்கமாகப் போவது அந்த ஓர லேனில்தான். அன்று இடதுபக்கம் இன்னொரு லாரி முந்திக்கொண்டு வர, கூண்டு ஏற்றிய லாரியின் ஓட்டுநர் மேலும் வலதுபக்கம் ஒதுங்கினார். சரக்கின் மேல் மூலை ஒவ்வொரு சட்டமாக இடித்துக்கொண்டே போனது. பாரம் தாங்கும் பக்கச் சட்டகத்தோடு பிணைந்தவை அவை. அதில் ஒரு முக்கிய உறுப்பு போனால் பாரத்தை ஏற்க வேறு எதுவும் இல்லை. 160 அடி நீளமுள்ள ஒரு கண், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி, அப்படியே ஆற்றில் விழுந்தது. லாரி தாண்டிவிட்டது, பின்னால் வந்த இரண்டு வண்டிகள் தண்ணீரில் விழுந்தன. அவற்றில் இருந்த மூன்று பேரையும் உயிரோடு மீட்டார்கள்.

முன்னால் உயரம் பார்க்கும் கோலோடு ஒரு வழிகாட்டி வண்டி போனது. அதன் ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார், லாரியும் போதிய இடைவெளி விடவில்லை. விபத்தை விசாரித்த அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டையும் குறை சொன்னது, சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, அதே அறிக்கை சொல்லும் இன்னொன்று. பாலத்தின் உயரக் கணக்கு மாநில அரசிடம் இருந்தது. அனுமதி கொடுப்பதும் அதே அரசு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் சீட்டைக் கொடுத்துவிட்டு, வழியைச் சரிபார்க்கும் பொறுப்பை லாரிக்காரர்மேல் போட்டார்கள். உயரம் குறைவு என்றோ இடது லேனில் போ என்றோ பாலத்துக்கு முன்னால் ஒரு பலகைகூட இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஓரத்தில் மட்டும் தாழ்வு என்று எப்படித் தெரியும்?

அந்தச் செப்டம்பரில் விழுந்த கண்ணுக்குப் பதிலாக, தலைக்கு மேலே சட்டமே இல்லாத கான்கிரீட் கண் வந்தது. அப்புறம் மீதிக் கண்களின் குறுக்குச் சட்டங்களையும் மாற்றி எல்லா லேனிலும் 18 அடி உயரம் வரச் செய்தார்கள்.

நீங்கள் கார் ஓட்டுகிறவராக இருந்தால் ஒன்று. ‘ஓவர்சைஸ் லோட்’ (அளவுக்கு மீறிய சரக்கு) பலகை கட்டிய லாரி இப்படிப்பட்ட இரும்புப் பாலத்துக்குள் நுழைகிறது என்றால், முந்தாமல் பின்னால் நில்லுங்கள். உயரம் கிடைக்கும் பக்கத்துக்கு நகர அதற்கு இடம் வேண்டியிருக்கும்.